சுவர் ஒருவருடையது, சித்திரம் இன்னொருவருடையது

நியூயார்க்கில் தன் சொந்தக் கட்டடத்தின் சுவர்களில் இருந்த ஓவியங்கள்மேல் வெள்ளையடித்த ஒருவர், அவற்றை வரைந்தவர்களுக்கு 67.5 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சிலருக்கு அது கலைக்குக் கிடைத்த வெற்றி. வேறு சிலருக்குக் குழப்பம்: என் சுவருக்கு நான் சுண்ணாம்பு அடிக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அந்த இடத்தில் பிறகு இரண்டு கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன, ஓவியங்களோடு சேர்ந்து அழிந்துபோன இடத்தின் பெயரையும் சூடிக்கொண்டன. குழப்பம் இன்னும் கூடியது.

வேகமாக மாறும் நகரங்களில் எல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வருகிறது. ஓவியர் நல்லவர், பில்டர் கெட்டவர் என்று முடித்துவிட்டால் எதுவும் புரியாது. மனை, எஃப்எஸ்ஐ, சட்டம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. காண்டோ. காண்டோமினியம் என்பதன் சுருக்கம். இது கட்டட வடிவத்தின் பெயர் அல்ல, உரிமை முறையின் பெயர். வீடு உங்கள் பெயரில் இருக்கும். நிலம், படிக்கட்டு, லிஃப்ட், வெளிச்சுவர் எல்லாம் எல்லா உரிமையாளர்களுக்கும் பிரிக்கப்படாத பங்காகப் பொதுவில் இருக்கும். நம் ஊர்ப் பத்திரங்களில் யுடிஎஸ் என்று வருவதற்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். நியூயார்க் மாநிலத்தில் இதற்கான சட்டம் 1964இல் வந்தது. வெளிச்சுவர் பொதுச் சொத்து என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். காண்டோ ஒன்றின் சுவரில் படம் வரைய வேண்டுமென்றால் ஒரு முதலாளியைச் சம்மதிக்க வைத்தால் போதாது. குடியிருப்போர் வாரியத்தையே சம்மதிக்க வைக்க வேண்டும்.

2. எஃப்எஸ்ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்கிற எண். அமெரிக்காவில் எஃப்ஏஆர் என்பார்கள். இந்த எண் மாறினால், ஒரு செங்கல்கூட வைக்காமலே மனையின் விலை மாறும்.

3. கிராஃபிட்டி, சுவரோவியம். அனுமதியில்லாமல் வரைந்தால் கிராஃபிட்டி, அனுமதியோடு வரைந்தால் சுவரோவியம் என்று பலர் பிரிக்கிறார்கள். ஸ்ப்ரே பெயின்ட் பிடிக்கும் கைகளுக்கு இந்தப் பிரிவினையில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் நீதிமன்றத்தில் எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது, பின்னால் பார்ப்போம்.

வெறும் சுவர் எங்கிருந்து வருகிறது?

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்று உடம்பைப் பற்றிச் சொல்வோம். இங்கே அதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஜன்னல் இல்லாத பெரிய சுவர் ஒரு நகரத்தில் சும்மா கிடைத்துவிடாது. அது கிடைக்கும் வழிகள் இரண்டு.

முதல் வழி, பக்கத்து மனை. மனையின் எல்லையை ஒட்டி எழும் சுவரில் ஜன்னல் வைக்கக் கட்டட விதிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவக்கூடாது, நாளைக்குப் பக்கத்துக்காரர் ஒட்டிக் கட்டினால் ஜன்னல் மூடிப்போகவும் கூடாது. பெர்லினில் இதற்கு 'பிராண்ட்வாண்ட்', அதாவது தீச்சுவர் என்றே பெயர். இரண்டாம் உலகப் போர் குண்டுவீச்சில் வரிசை வீடுகளில் நடுநடுவே சில விழுந்தபோது, அதுவரை யார் கண்ணுக்கும் படாத தீச்சுவர்கள் தெருவைப் பார்த்து நின்றன. அந்த நகரத்தின் புகழ்பெற்ற சுவரோவியங்கள் பலவும் இந்தப் பொட்டல் சுவர்களில் வந்தவைதான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. சுவரோவியம் கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணமே பக்கத்து மனை காலியாகக் கிடப்பது. காலி மனை என்றால் நாளைய கட்டடம். அந்த ஓவியம் பிறக்கும்போதே அதன் எதிரே நாளைய அஸ்திவாரத்துக்கு இடம் விட்டுத்தான் பிறக்கிறது.

இரண்டாவது வழி, தொழில் போன இடங்கள். தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஜன்னல் குறைவு, சுவர் அதிகம். தொழில் வெளியேறியபின் வாடகை மலிவு, கேள்வி கேட்க ஆள் இல்லை. மயாமியின் வின்வுட் அப்படியொரு கிடங்குப் பகுதி. அங்கே டோனி கோல்ட்மேன் என்கிற ரியல் எஸ்டேட்காரர் 2009இல் 'வின்வுட் வால்ஸ்' என்று கிடங்குச் சுவர்களை ஓவியர்களிடம் கொடுத்தார். கலை தானாக வந்து, பின்னால் விலை ஏறியது என்கிற வழக்கமான கதைக்கு இது நேர்த்தலைகீழ். சுவரை வாங்கியவரே ஓவியரை அழைத்தார். 2015இல் அந்தப் பகுதிக்கான மனை விதிகள் திருத்தப்பட்டன, குடியிருப்புகள் வரத் தொடங்கின.

லாங் ஐலண்ட் சிட்டியில் நடந்தது

இப்போது அந்த வழக்குக்கு வரலாம். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் லாங் ஐலண்ட் சிட்டி. மன்ஹாட்டனிலிருந்து ஆற்றைக் கடந்தால் முதலில் வரும் இடங்களில் ஒன்று. அங்கே 1892இல் தண்ணீர் மீட்டர் தயாரிக்கக் கட்டிய ஒரு தொழிற்சாலை. 1970களின் தொடக்கத்தில் அதை ஜெரி வோல்காஃப் வாங்கினார். 1990களில் அதன் சுவர்களில் வரைய அனுமதி கொடுத்தார். 2002இலிருந்து 'மெரெஸ் ஒன்' என்ற பெயரில் வரையும் ஜோனதன் கோஹன் பொறுப்பேற்றார். நகரத்தின் ஐந்து பெருநகர்ப் பிரிவுகளும் சந்திக்கும் இடம் என்ற பொருளில் அதற்கு 'ஃபைவ் பாயின்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்.

யார் எந்தச் சுவரில் வரையலாம் என்பதை கோஹன்தான் முடிவு செய்தார். சில சுவர்கள் வருடக்கணக்கில் அப்படியே இருந்தன. சில சுவர்களில் சில நாட்களிலேயே ஒன்றின்மேல் ஒன்றாகப் புதுப் படம் ஏறும். மேல்பாலத்தில் 7ஆம் எண் ரயில் அந்த இடத்தில் வளைந்து போகும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கட்டடம் முழுவதும் ஒரு திரைபோல விரியும். நுழைவுச் சீட்டு வாங்காமல் பார்க்கக் கிடைத்த கண்காட்சி அது.

கட்டடம் பழையது என்பதையும் மறக்கக்கூடாது. 2009இல் வெளிப்படிக்கட்டு சரிந்து ஒரு கலைஞர் படுகாயம் அடைந்தார். உள்ளே இருந்த ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன. கட்டடத்தைப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கக் கேட்டபோதும் பலிக்கவில்லை. நியூயார்க்கில் அந்தத் தகுதி பெற 30 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கட்டடத்துக்கு வயது 120ஐத் தாண்டியிருந்தது, ஆனால் காப்பாற்ற நினைத்த ஓவியங்களுக்கு அந்த வயது இல்லை.

இதற்கிடையில் சுற்றுப்புறம் மாறிவிட்டது. 2001இல் நகராட்சி அந்தப் பகுதியின் மையத்தில் 37 பிளாக்குகளுக்கு மனை விதிகளை மாற்றி, உயரமான கட்டடங்களுக்கு வழி திறந்தது. தெருவில் நின்று பார்ப்பவருக்கு ஓவியத்துக்கும் கோபுரத்துக்கும் சண்டை நடப்பதுபோலத் தெரியலாம். உண்மையான திருப்பம் ஒரு கூட்ட அறையில் நடந்தது. 2013 அக்டோபரில் நகரமன்றம் வோல்காஃபின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. விதிப்படி கட்டக்கூடியதைவிடப் பெரிதாகக் கட்டலாம். இரண்டு கோபுரங்கள், சுமார் 1,000 வீடுகள். பதிலுக்கு அவற்றில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும், ஓவியங்களுக்கென்று 12,000 சதுர அடி பலகைகள் வைக்க வேண்டும். இந்த ஒப்புதலால் சொத்தின் மதிப்பு 4 கோடி டாலரிலிருந்து 20 கோடி டாலராக ஏறியது என்று பின்னால் தீர்ப்பில் நீதிபதியே குறிப்பிட்டார். 16 கோடி டாலர் ஒரு அனுமதியில் வந்தது. ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது இந்தத் தொகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேச வேண்டும், இல்லையென்றால் பேச்சு எங்கோ போய்விடும்.

ஒரு சின்னத் திருத்தமும் இங்கேயே. அங்கே எழுந்தவை உண்மையில் காண்டோ அல்ல, வாடகை வீடுகள். செய்திகளிலும் பேச்சிலும் 'காண்டோ' என்பது எந்தப் புதுக் கண்ணாடிக் கோபுரத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. மனைக்கணக்கைப் பொறுத்தவரை வித்தியாசம் சிறிது, வெளிச்சுவர் யாருடையது என்பதைப் பொறுத்தவரை பெரிது.

ஒரே இரவு

கலைஞர்கள் இடிப்பைத் தடுக்கக் கோரி அதே அக்டோபரில் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி ஃப்ரெடரிக் பிளாக் நவம்பர் 12 அன்று தற்காலிகத் தடை தர மறுத்தார். காரணங்களை விளக்கும் விரிவான உத்தரவு பின்னால் வரும் என்றார். அந்த உத்தரவு வெளியாவதற்கு முன்பே, நவம்பர் 19 விடிவதற்குள், ஓவியங்கள்மேல் வெள்ளை அடிக்கப்பட்டுவிட்டது.

ரோலரும் ஸ்ப்ரேயும் வைத்து இரவில் அவசரமாக அடித்த மலிவான பெயின்ட். ஒரு பூச்சுதான். ஸ்ப்ரே பெயின்டின் கறுப்புக் கோடுகளும் அடர்ந்த நிறங்களும் அவ்வளவு லேசில் அடங்காது. வெள்ளைக்குள்ளிருந்து முகங்கள் பாதி தெரிந்தன, எழுத்துகளின் ஓரங்கள் தெரிந்தன. சுமார் பத்து மாதம் கழித்து இடிப்பு தொடங்கும்வரை ரயிலில் போனவர்கள் தினமும் அதைத்தான் பார்த்தார்கள். துண்டு துண்டாக இடிபடுவதைப் பார்க்கும் வேதனை கலைஞர்களுக்கு வேண்டாம் என்றுதான் செய்தேன் என்பது வோல்காஃப் தந்த விளக்கம்.

1990ஆம் ஆண்டின் இரண்டு சட்டங்கள்

அமெரிக்கா 1989இல் பெர்ன் காப்புரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1990இல் காட்சிக் கலைஞர்கள் உரிமைச் சட்டம் வந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'வாரா' என்பார்கள். காப்புரிமை என்றால் நகலெடுக்கும் உரிமை என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். இது வேறு, தார்மீக உரிமை. படத்தை விற்றபிறகும், படம் வேறொருவர் சுவரில் இருந்தாலும், படைத்தவரிடமே தங்கிவிடும் உரிமை. வழக்குக்கு வேண்டிய பகுதிகள் இவை:

1. 'அங்கீகரிக்கப்பட்ட தகுதி', அதாவது கலையறிந்தவர்கள் ஏற்கும் மதிப்பு, பெற்ற படைப்பை வேண்டுமென்றே அழிப்பதைப் படைத்தவர் தடுக்கலாம்.
2. இந்த உரிமையை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆனால் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கலாம்.
3. கட்டடத்தில் இருக்கும் படைப்பைச் சேதமில்லாமல் பெயர்த்து எடுக்க முடியுமென்றால், உரிமையாளர் எழுத்தில் அறிவித்து, எடுத்துக்கொண்டு போக 90 நாள் அவகாசம் தர வேண்டும்.
4. பெயர்க்க முடியாதென்றால், அழிவுக்குச் சம்மதித்து முன்பே கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கலைஞரின் உரிமை நிற்கும்.
5. விளம்பரம், சுவரொட்டி, சம்பளத்துக்குச் செய்த வேலை இவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

அதே 1990இல் கட்டட வடிவமைப்புக்கும் அமெரிக்காவில் தனிக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் அந்தச் சட்டம் கட்டடத்தை மாற்றவோ இடிக்கவோ உரிமையாளருக்கு முழுச் சுதந்திரம் தந்தது. ஆக, ஒரு கட்டடத்தை வடிவமைத்தவர் அது இடிவதைத் தடுக்க முடியாது. அதன் சுவரில் படம் வரைந்தவர் படம் அழிவதைத் தடுக்கலாம். கட்டடக் கலைஞர்களுக்கு இதில் மனத்தாங்கல் இருந்தால் குறை சொல்ல முடியாது.

67.5 லட்சம் எப்படி வந்தது?

21 கலைஞர்கள், 49 படைப்புகள். விசாரணை 2017இல் நடந்தது. அவற்றில் 45 படைப்புகள் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவை என்று நீதிபதி முடிவு செய்தார். சுவரோடு ஒட்டிய ஓவியத்துக்குச் சந்தை விலை என்ன? நம்பத்தக்க கணக்கு எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, உண்மையான நஷ்டம் என்ற தலைப்பில் ஒரு டாலர்கூட அவர் தரவில்லை. ஆனால் சட்டமே நிர்ணயித்த இழப்பீடு என்று ஒன்று உண்டு. தெரிந்தே செய்த மீறலுக்கு ஒரு படைப்புக்கு 1.5 லட்சம் டாலர்வரை போகலாம். அந்த உச்ச அளவை 45ஆல் பெருக்கினால் 67.5 லட்சம். இது அபராதம் அல்ல, அரசுக்கும் போகாது. கலைஞர்களுக்கு உரிய இழப்பீடு.

இடிக்கப்போகும் கட்டடத்துக்கு ஏன் உச்ச அளவு? இதில்தான் பலருக்குக் குழப்பம். இடித்ததற்காக அல்ல, அவசரப்பட்டதற்காக. கட்டடம் ஒருநாள் இடியும் என்பது கலைஞர்களுக்குத் தெரியும் என்பதை நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். படைப்புகளில் சில பலகைகள்மேல் இருந்தன, கழற்றி எடுத்திருக்கலாம். இடிப்பு அனுமதி வரும்வரை காத்திருந்து, முறையான அறிவிப்பும் கொடுத்திருந்தால் இவ்வளவு பெரிய தொகை விதித்திருக்க மாட்டேன் என்கிற பொருளில்தான் தீர்ப்பு பேசுகிறது. எனக்கு இதை ஓவியத்தின் விலையாகப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த ஒரு இரவின் விலை.

மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நிலைத்தது. சில நாட்களே சுவரில் இருந்த படத்துக்கு என்ன தகுதி என்று கேட்டபோது, 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நல்ல உதாரணம் காட்டியது: கிறிஸ்டோவும் ஜான்-கிளோடும் 2005இல் சென்ட்ரல் பார்க்கில் அமைத்த 'தி கேட்ஸ்' என்ற கலைப்படைப்பு இரண்டே வாரம்தான் இருந்தது, அதற்காக அதன் தகுதி குறைந்துவிட்டதா? அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

பிறகு என்ன மாறியது?

நேரடி விளைவு ஓவியங்களுக்குச் சாதகம் என்று தோன்றும். அப்படி முழுசாகச் சொல்லிவிட முடியாது.

1. அனுமதி கொடுத்தவரே மாட்டுவார். 1997இல் மன்ஹாட்டனின் ஒரு தோட்டச் சுவர் வழக்கில், அனுமதியில்லாமல் வரைந்து பெயர்க்கவும் முடியாத ஓவியத்துக்கு வாரா பாதுகாப்பு கிடையாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். ஓவியர்களை விரட்டியடித்த உரிமையாளருக்கு ஆபத்தில்லை. 20 ஆண்டு சுவரைத் திறந்துவிட்ட உரிமையாளருக்கு 67.5 லட்சம். வோல்காஃபின் அந்த இரவை நியாயப்படுத்த முடியாது, ஆனால் இந்த முரணை மறைக்கவும் முடியாது.

2. அதனால் கையெழுத்து முதலில், பெயின்ட் அப்புறம். எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று ஓவியர் முன்கூட்டியே எழுதிக்கொடுப்பதுதான் உரிமையாளருக்குப் பாதுகாப்பு. எந்த வக்கீலும் அதைத்தான் முதலில் சொல்வார். பெயர் இல்லாத இளம் ஓவியருக்கு அந்தக் காகிதத்தில் பேரம் பேச இடம் ஏது? சட்டம் கொடுத்த உரிமை, சுவர் கிடைப்பதற்கான கட்டணமாக மாறிவிடுகிறது.

3. மறைப்பது அழிப்பது ஆகாது. வெர்மான்ட் சட்டக் கல்லூரியில் அடிமைமுறையைச் சித்திரித்த இரு சுவரோவியங்களைக் கல்லூரி பலகை வைத்து மூடியது. ஓவியர் சாமுவேல் கெர்சன் வழக்குப் போட்டார். படத்தைத் தொடாமல் நிரந்தரமாக மறைத்தால் அது அழிவும் அல்ல, சிதைவும் அல்ல என்று 2023இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுவர்க்காரரே மூடினால்கூடத் தவறில்லை என்றால், தன் மனையில் தன் பாட்டுக்குக் கட்டும் பக்கத்துக்காரரை யார் கேட்பது? பக்கத்து மனைக் கணக்கு இங்கே திரும்ப வந்து நிற்கிறது.

சில ஓவியர்கள் சட்டத்துக்கே போகவில்லை. பெர்லின் குரொய்ட்ஸ்பெர்கில், குவ்ரிஷ்ட்ராசே தெருவில் காலி மனையைப் பார்த்து நின்ற தீச்சுவர்களில் 'ப்ளூ' என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த இரண்டு பெரும் படங்கள் உலகப் புகழ் பெற்றவை. அதில் ஒன்று, கழுத்துப்பட்டியைச் சரிசெய்யும் ஒரு மனிதன். இரண்டு மணிக்கட்டிலும் தங்கக் கடிகாரம், இரண்டையும் இணைத்து விலங்குபோல ஒரு சங்கிலி. அந்த மனையில் புதுக் கட்டடம் வரப்போகிறது, ஓவியங்கள் அதற்கு விலாசமாகப் போகின்றன என்று தெரிந்ததும், 2014 டிசம்பரில் ஓவியரின் சம்மதத்தோடு இரண்டும் ஒரே இரவில் கறுப்பாகின. நியூயார்க்கில் சுவர்க்காரர் வெள்ளையடித்தார், பெர்லினில் சித்திரக்காரர் தரப்பே கறுப்படித்தது. கையில் ரோலர் மட்டும் பொது.

பில்டருக்கு ஓவியம் ஏன் வேண்டும்?

காண்டோ பெரும்பாலும் கட்டுவதற்கு முன்பே விற்கப்படுகிறது. கணிசமான முன்பதிவு காட்டினால்தான் வங்கி கட்டுமானக் கடன் தரும் என்பது பல நகரங்களில் வழக்கம். இல்லாத வீட்டைக் காட்ட முடியாது. கணினியில் வரைந்த படத்தைக் காட்டலாம், தெருவைக் காட்டலாம். ஒரு பகுதிக்கு உயிர் இருக்கிறது என்பதற்கு ஓவியத்தைவிட மலிவான சாட்சி இல்லை. அதனால்தான் இடிக்கும் கையே பெயரை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது.

ஆனால் புதுக் கட்டடத்தில் ஓவியத்தை எங்கே வைப்பது? இதற்குக் கட்டடக் கலையில்தான் பதில் இருக்கிறது. இன்றைய கோபுரத்தின் வெளிப்பரப்பு பெரும்பாலும் கண்ணாடித் திரை. காட்சிக்கும் வெளிச்சத்துக்கும்தான் விலை. பெயின்ட் பிடிக்கும் சுவர் மிஞ்சுவது கீழே, கோபுரத்தைத் தாங்கும் அகலமான கீழ்மாடிகளில், அதிலும் கார் நிறுத்தும் மாடிகளில். கார்களுக்கு ஜன்னல் தேவையில்லை அல்லவா? வின்வுடின் புதிய விதிகளில் வாகன நிறுத்த மாடிகளின் முகப்பை மறைக்கும் வழிகளில் ஒன்றாகக் கலையே இடம்பெற்றிருக்கிறது. ஒருகாலத்தில் யாரும் கவனிக்காத இடம் என்பதால் சுவர் கிடைத்தது. இப்போது கார்களை மறைக்க வேண்டும் என்பதால் கிடைக்கிறது.

குயின்ஸில் நகரமன்றம் கேட்டது 12,000 சதுர அடி பலகைகள். பழைய தொழிற்சாலையின் தளப்பரப்பு மட்டும் சுமார் 2 லட்சம் சதுர அடி. அதன் வெளிச்சுவர் முழுவதும், கூரைமேல் இருந்த சுவர்கள் உட்பட, வரையக் கிடைத்தது. அங்கே ஒரு படத்தின்மேல் இன்னொருவர் வரையலாம், அதற்கு கோஹன் தலையசைத்தால் போதும். இங்கே ஒரு பலகையை மாற்ற நிர்வாக அலுவலகத்தின் அனுமதி வேண்டும். 7ஆம் எண் ரயில் இன்னும் அதே வளைவில்தான் திரும்புகிறது. வோல்காஃப் 2020 ஜூலையில் காலமானார், உச்ச நீதிமன்றம் அவர் தரப்பு மனுவை மறுத்தது அதற்கு மூன்று மாதம் கழித்து.